மூன்று நாள் அவகாசம்: அந்தலுஸ் முஸ்லிம்களின் இலையுதிர்காலமும் வீட்டுக் களஞ்சியமும்

 

அந்தலுஸ் என்றதும் நம் நினைவுக்கு வருபவை குர்துபாவின் பெரிய பள்ளிவாசலும், கிரானடாவின் அல்ஹம்ரா அரண்மனையும், தாரிக் பின் ஸியாதின் படையெடுப்புமே. ஆனால் கி.பி. 711 முதல் 1609 வரை, ஏறத்தாழ 900 ஆண்டுகள் அம்மண்ணில் வாழ்ந்த முஸ்லிம்களில் பெரும்பாலோர் அரண்மனையைக் கண்ணாலும் கண்டிராத குடியானவர்கள். ஒரு சிறு தோட்டம், சில ஜைத்தூன் மரங்கள், ஓர் அத்திமரம், ஒரு கோவேறு கழுதை, ஆண்டுக்கான உணவைச் சேர்த்து வைக்கும் ஓர் அறை: இவையே அவர்களின் செல்வம்.

அக்குடும்பங்களின் வரலாற்றை இக்கட்டுரையில் ஒரு பருவத்தின் வழியாகக் காண விழைகிறோம். அது இலையுதிர்காலம். அவர்கள் ஆண்டு முழுவதற்குமான உணவைச் சேர்த்து வைத்த பருவம் அது. அவர்கள் தம் வீடுகளை விட்டு வெளியேற்றப்பட்ட பருவமும் அதுவே.

சேமிப்பும் தவக்குலும்

நாளைக்கென உணவைச் சேர்த்து வைப்பது அல்லாஹ்வின் மீது நம்பிக்கை வைப்பதற்கு மாறானதாகுமா என்னும் ஐயம் சிலருக்கு எழுவதுண்டு. அண்ணல் நபி (ஸல்) அவர்கள் பனூ நளீர் தோட்டத்து விளைச்சலிலிருந்து தம் குடும்பத்தாருக்கு ஓராண்டுக்கான உணவை ஒதுக்கி வைத்தார்கள் என்பது ஸஹீஹுல் புகாரியில் இடம்பெற்ற செய்தி. பஞ்சம் வருமுன் தானியத்தைக் கதிரோடு விட்டுச் சேமிக்குமாறு யூஸுஃப் (அலை) அவர்கள் எகிப்து மக்களுக்கு வழிகாட்டியதைத் திருக்குர்ஆன் நமக்கு எடுத்துரைக்கிறது. ஆகவே உழைத்துச் சேர்ப்பதும், சேர்த்ததில் ஏழையின் பங்கைக் கொடுப்பதும், பின்னர் முடிவை இறைவனிடம் ஒப்படைப்பதும் ஒரே இபாதத்தின் பகுதிகள். அந்தலுஸ் முஸ்லிம்கள் விவசாயத்தை இக்கண்கொண்டே நோக்கினர்.

மழையோடு பிறக்கும் ஆண்டு

ஸ்பெயினின் தெற்கிலும் கிழக்கிலும் கோடையில் மழை அரிது. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மண் வெடித்துக் கிடக்கும். செப்டம்பர் இறுதியிலோ அக்டோபரிலோதான் முதல் மழை இறங்கும். நம் ஊர்களில் ஐப்பசி மழையை எதிர்நோக்கி உழவர் காத்திருப்பதைப் போலவே அங்கும் அம்மழைக்காகக் காத்திருந்தனர். மண் நனைந்தபின் கோதுமையும் வாற்கோதுமையும் விதைப்பார்கள்; அறுவடை அடுத்த கோடையின் தொடக்கத்தில் நடைபெறும். எனவே அங்கே இலையுதிர்காலத்தில் பழங்களின் ஆண்டு முடிகையில் தானியத்தின் ஆண்டு பிறக்கும். ஒரு கை சேர்த்து வைத்துக்கொண்டிருக்க, மறு கை விதைத்துக்கொண்டிருக்கும்.

இப்பணிகளை முறைப்படுத்தி எழுதி வைத்ததில் அந்தலுஸ் அறிஞர்களுக்குத் தனியிடம் உண்டு. கி.பி. 961-ஆம் ஆண்டைச் சேர்ந்த குர்துபா நாட்காட்டி, கலீஃபா இரண்டாம் அல்ஹகமுக்குக் காணிக்கையாக்கப்பட்டது. அரீப் இப்னு ஸஅத் என்னும் முஸ்லிம் அறிஞரின் பெயரும், ரபீஉ இப்னு ஸைத் என்னும் கிறிஸ்தவ ஆயரின் பெயரும் அதனோடு இணைத்துப் பேசப்படுகின்றன. ஒவ்வொரு மாதத்திலும் தோன்றும் விண்மீன்கள், பருவநிலை, பழுக்கும் கனிகள், செய்ய வேண்டிய தோட்ட வேலைகள் ஆகியவற்றை அது வரிசைப்படுத்திச் சொல்கிறது.

பதினொன்றாம் நூற்றாண்டில் துலைத்துலா (இன்றைய டொலேடோ) நகரில் வாழ்ந்தவர் இப்னு பஸ்ஸால். 1085-இல் அந்நகரம் வீழ்ந்தபின் அவர் இஷ்பீலியாவுக்கு (செவில்) வந்து அங்கே தோட்டம் வளர்த்தார். அவருடைய நூல் தம் கைகளால் செய்து பார்த்தவற்றைச் சொல்லும் நூல். அடுத்த நூற்றாண்டில் இதே இஷ்பீலியாவில் இப்னுல் அவ்வாம் என்பவர் 'கிதாபுல் ஃபிலாஹா' என்னும் பெருநூலை 35 அத்தியாயங்களில் எழுதினார். அதில் 585 தாவரங்கள் பேசப்படுகின்றன. மண்ணின் தன்மை, எரு, ஒட்டுக்கட்டுதல், நீர்ப்பாசனம் ஆகியவற்றோடு, பழங்களையும் தானியங்களையும் கெடாமல் பாதுகாக்கும் முறைகளுக்கும் அதில் இடமுண்டு. கால்நடை, கோழி, புறா, தேனீ வளர்ப்பையும் நூலின் பிற்பகுதி விளக்குகிறது. ஒரு குடும்பம் தன் தோட்டத்தைக் கொண்டே உண்டு வாழ என்னென்ன அறிய வேண்டுமோ அவையெல்லாம் அந்நூலில் உள்ளன. முஸ்லிம் ஒருவர் நட்ட மரத்திலிருந்து மனிதனோ பறவையோ விலங்கோ உண்டால் அது அவருக்குத் தர்மமாகும் என்னும் நபிமொழியின் கருத்தே இத்தகைய நூல்களுக்கு அடித்தளமாக அமைந்தது.

ஒரு வீட்டின் இலையுதிர்கால வேலைகள்

கோடை முடியும் வேளையில் அத்திப்பழத்தோடு வேலை தொடங்கும். பழுத்த அத்தியை நாணல் பாய்களில் பரப்பி வெயிலில் காயவைப்பர். இரவில் பனி படாதிருக்கப் பாய்களைச் சுருட்டி உள்ளே எடுப்பதும், காலையில் மீண்டும் விரிப்பதும் நாள்தோறும் நடக்கும். வடகமும் வற்றலும் காயவைத்த வீடுகளில் வளர்ந்த நமக்கு இவ்வேலையை விளக்கத் தேவையில்லை.

அடுத்தது திராட்சை. மலகா பகுதியில் அதை அப்படியே வெயிலில் உலர்த்தினர். கிழக்குக் கடற்கரையின் டெனியா பகுதியிலோ, சாம்பல் கரைத்துத் தெளியவைத்த நீரைக் கொதிக்கவிட்டு, திராட்சைக் கொத்துகளை ஒரு கணம் முக்கியெடுத்து உலர்த்தும் வழக்கம் நிலைத்தது. கொதிநீர் பட்டதும் தோலில் நுண்ணிய வெடிப்புகள் விழும். ஈரம் விரைவில் வெளியேறும். உலர்த்தியது போக எஞ்சிய திராட்சையின் சாற்றைக் கெட்டியாகும்வரை காய்ச்சி, 'ருப்' என்னும் பாகாக்கிச் சாடிகளில் ஊற்றி வைத்தனர். பழச்சாறு மதுவாகப் புளிக்குமுன் அதைப் பாகாக்கிவிடுவது, ஹலாலான முறையில் இனிப்பைச் சேமிக்கும் வழியாகவும் இருந்தது.

பின்னர் மாதுளையும், 'சஃபர்ஜல்' என்று அரபியில் அழைக்கப்படும் நறுமணப் பழமும் பழுக்கும். ஆப்பிளைப் போன்ற தோற்றமுடைய சஃபர்ஜல் பச்சையாக உண்ணத் துவர்க்கும்; சர்க்கரையோடு வேகவைத்தால் சிவந்து இனிக்கும். அக்டோபர் கடைசியில் குங்குமப்பூ மலரும். விடியற்காலையில் பூவைப் பறித்து, வீட்டுப் பெண்களும் பிள்ளைகளும் ஒன்றாக அமர்ந்து ஒவ்வொரு பூவிலிருந்தும் மூன்று சிவந்த இழைகளைக் கிள்ளி எடுக்க வேண்டும். பூ வாடுமுன் வேலை முடியவேண்டும்.

எல்லாவற்றுக்கும் மகுடமாக ஜைத்தூன் அறுவடை வரும். பச்சைக் காய்களை முதலில் பறித்துத் தட்டிப் பிளந்து, பல நாட்கள் நீர் மாற்றி ஊறவைத்துக் கசப்பை நீக்கி, உப்புநீரில் மூலிகைகளோடு போட்டு வைப்பர். நவம்பரிலிருந்து கறுத்த காய்களைப் பறித்து ஆலைக்குக் கொண்டுசெல்வர். விலங்கு சுற்றும் கல் அவற்றை அரைக்கும். அரைத்த விழுதைப் பிழிந்தால் எண்ணெய் இறங்கும். அவ்வெண்ணெயே அடுத்த ஆண்டின் சமையலும் விளக்கும் மருந்துமாகும்.

இதற்கிடையே வாய்க்கால்களில் தூர் வாருவதும், எரு இடுவதும், விதைப்பதும் நடக்கும். தானியத்தை 'மத்மூரா' எனப்படும் நிலத்தடிக் குழிகளில் காற்றுப் புகாமல் மூடி வைத்தனர். விளைச்சலில் இறைவன் விதித்த பங்கும் உண்டு. அளவை எட்டிய தானியத்திலும் பேரீச்சை, உலர்திராட்சை போன்றவற்றிலும் வானம் பொழிந்து விளைந்ததில் பத்தில் ஒன்றும், இறைத்துப் பாய்ச்சி விளைந்ததில் இருபதில் ஒன்றும் ஜகாத். களஞ்சியத்தின் கதவு ஏழைக்குத் திறந்த பின்னரே வீட்டாருக்கென மூடப்பட வேண்டும் என்பதே இதன் பொருள்.

இந்தச் செழிப்பைக் கண்ணால் கண்டவர்களுள் நமக்கு நன்கு அறிமுகமான ஒருவரும் உண்டு. 1340-களில் மதுரை சுல்தான்களின் நாட்டுக்கு வந்து, 'ஃபத்தன்' என்று தாம் குறிப்பிடும் தமிழகத் துறைமுகத்தில் கல்லால் கட்டிய பள்ளிவாசலையும், அங்கு மிகுந்திருந்த திராட்சையையும், சிறந்த மாதுளையையும் கண்டு எழுதிய இப்னு பதூதாதான் அவர். சில ஆண்டுகள் கழித்து, 1350-ஐ ஒட்டி, அவர் அந்தலுஸின் மலகாவுக்குச் சென்றார். அங்கே விளைந்த திராட்சை, மாதுளை, அத்தி, பாதாம் ஆகியவற்றைப் புகழ்ந்து எழுதினார். நம் கடற்கரையின் பழத்தையும் அவர்களது கடற்கரையின் பழத்தையும் சுவைத்த நாவு ஒன்றே.

அடுக்களை சாட்சியமான காலம்

குர்துபா 1236-லும், வலன்சியா 1238-லும், இஷ்பீலியா 1248-லும் கிறிஸ்தவ அரசர்களின் கைக்குச் சென்றன. 1492 ஜனவரியில் கிரானடாவும் வீழ்ந்தது. சில ஆண்டுகளுக்குள் வாக்குறுதிகள் மீறப்பட்டன. காஸ்டீல் நாட்டில் 1502-லும், வலன்சியாவில் 1525-ஐ ஒட்டியும் முஸ்லிம்கள் வற்புறுத்தி மதம் மாற்றப்பட்டனர். பள்ளிவாசல்கள் தேவாலயங்களாயின. கிரானடாவில் அரபு நூல்கள் எரிக்கப்பட்டன. மொரிஸ்கோக்கள் என்று அழைக்கப்பட்ட அம்மக்களில் மிகப் பலர் உள்ளத்தில் ஈமானை மறைத்து வாழ்ந்தனர்.

பள்ளிவாசலும் மதரஸாவும் இல்லாமற் போனபின் மார்க்கம் எங்கே தங்கியது? வீட்டில் தங்கியது, குறிப்பாக அடுக்களையில் தங்கியது. இதனை மதவிசாரணை மன்றத்தாரும் அறிந்திருந்தனர். பன்றிக் கொழுப்பைத் தவிர்த்து ஜைத்தூன் எண்ணெயில் சமைத்தல், பன்றி இறைச்சியை மறுத்தல், கிப்லாவை நோக்கி அறுத்தல், ரமலானில் பகலில் அடுப்பு எரியாதிருத்தல், தரையில் அமர்ந்து கூஸ்கூஸ் உண்ணுதல் ஆகியன அம்மன்றத்தின்முன் குற்றச்சாட்டுகளாக வந்தன. இலையுதிர்காலத்தில் ஒரு தாய் சாடியில் நிரப்பிய எண்ணெயே அவளுக்கு எதிரான சாட்சியம் ஆகக்கூடும். கிரானடாவில் 1567-இல் வெளியான ஆணை அரபு மொழியையும் உடையையும் குளியலகங்களையும் தடைசெய்ததோடு, வெள்ளிக்கிழமைகளிலும் பெருநாட்களிலும் வீட்டுக் கதவுகளைத் திறந்தே வைக்க வேண்டும் என்றும் கட்டளையிட்டது.

இந்நெருக்கடியில் 1504-ஆம் ஆண்டு வஹ்ரான் (ஓரான்) நகரோடு தொடர்புடைய அறிஞர் அஹ்மத் இப்னு அபீ ஜும்ஆ அவர்கள் ஒரு ஃபத்வா எழுதி அனுப்பினார். பலவந்தத்தின் பேரில் தடுக்கப்பட்டதை உண்ண நேர்ந்தால் உள்ளத்தால் அதை வெறுத்து ஈமானைக் காத்துக்கொள்ளுமாறு அது வழிகாட்டியது. ஒரு சமுதாயம் தன் உணவுத் தட்டைக் குறித்து இத்தகைய ஃபத்வாவைக் கேட்க நேர்ந்த துயரத்தை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். விரும்பிய ஹலாலான உணவை அச்சமின்றிச் சமைத்து உண்பது எத்துணைப் பெரிய நிஃமத் என்பது அப்போது விளங்கும்.

1609: நிறைந்த களஞ்சியம், வெறுங்கை

1609 செப்டம்பர் 22 அன்று வலன்சியாவில் மன்னர் மூன்றாம் ஃபிலிப்பின் ஆணை பறைசாற்றப்பட்டது. மொரிஸ்கோக்கள் அனைவரும் மூன்று நாட்களுக்குள் கப்பலேறும் துறைமுகங்களை நோக்கிப் புறப்பட வேண்டும். தம் உடம்பில் சுமக்கக்கூடியதை மட்டுமே எடுத்துச் செல்லலாம். சுமக்க முடியாததைப் புதைத்தாலோ, வீட்டையோ பயிரையோ தோட்டத்தையோ தீயிட்டாலோ மரண தண்டனை.

நாளைக் கவனியுங்கள். செப்டம்பர் 22. அத்தி காய்ந்து மூட்டையாகும் நேரம். திராட்சை பாய்களில் கிடக்கும் நேரம். மாதுளை சிவக்கத் தொடங்கும் நேரம். ஜைத்தூன் காய்கள் கிளைகளில் கனத்திருக்கும் நேரம். விதைக் கோதுமை ஒதுக்கி வைக்கப்பட்டு மழைக்காகக் காத்திருக்கும் நேரம். ஓராண்டு உழைப்பு முழுவதும் வீட்டிலும் மரத்திலும் இருக்கும் அந்நேரத்தில், குடும்பங்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு டெனியா, அலிகாந்தே, வலன்சியா ஆகிய துறைமுகங்களை நோக்கி நடந்தன. அக்டோபரின் முதல் நாட்களிலேயே கப்பல்கள் புறப்பட்டுவிட்டன. ஓரானில் இறங்கி உள்நாட்டுக்கு நடந்தவர்களில் பலர் வழியில் கொள்ளையருக்கு இரையாயினர். வலன்சியாவிலிருந்து மட்டும் ஏறத்தாழ 1,20,000 பேரும், 1614-க்குள் ஸ்பெயின் முழுவதிலிருந்தும் ஏறத்தாழ 3,00,000 பேரும் வெளியேற்றப்பட்டனர்.

அதே ஆணையில் இன்னொரு விதியும் இருந்தது. நூறு குடும்பங்களுக்கு ஆறு குடும்பங்கள் வீதம் தங்கியிருக்கலாம். எதற்காக? வீடுகளையும், சர்க்கரை ஆலைகளையும், நெல் அறுவடையையும், வாய்க்கால்களையும் பராமரிக்கவும், புதிதாகக் குடியேறுவோருக்கு அவ்வேலைகளைக் கற்றுக்கொடுக்கவும்! ஈமானை வேண்டாமென்ற அரசுக்கு, அந்த ஈமானுடையோரின் கைவேலை வேண்டியிருந்தது. நாட்டை விட்டு ஓட்டுவோரே எழுதிக்கொடுத்த இந்த நற்சான்றிதழைவிடப் பெரிய சான்று அவ்வுழவர்களுக்கு வேறு தேவையில்லை. ஆனால் அவ்வாறு தங்க முன்வந்தோர் மிகச் சிலரே. தம் சொந்தங்களோடு வெறுங்கையாய்ப் போவதையே பெரும்பாலோர் தேர்ந்தனர். வலன்சியா தன் மக்களில் மூன்றில் ஒரு பங்கை ஒட்டிய எண்ணிக்கையை இழந்தது. பல சிற்றூர்கள் ஆளின்றிப் போயின.

கையில் இருந்த கல்வி

வெளியேறியோரில் பல்லாயிரம் பேர் துனீசியாவை அடைந்தனர். அங்கு ஆட்சி செய்த உஸ்மான் தாய் அவர்களை வரவேற்று, குடியேற நிலமும் வரிவிலக்கும் அளித்தார். மெஜர்தா ஆற்றங்கரையில், பழைய ரோமானிய நகரின் இடிபாடுகளின்மேல் தஸ்தூர் என்னும் ஊரை அவர்கள் கட்டியெழுப்பினர். வளைந்த ஓடுகள் வேய்ந்த கூரைகளும், அவ்வூர்ப் பெரிய பள்ளிவாசலின் மினாரில் உள்ள, முட்கள் இடப்பக்கமாகச் சுற்றும் கடிகாரமும் இன்றும் அவர்களது தாயகத்தை நினைவூட்டுகின்றன.

அந்தத் தஸ்தூர் இன்று எதற்குப் பெயர்பெற்றது தெரியுமா? மாதுளைக்கு! இலையுதிர்காலம் வந்தால் அவ்வூரில் மாதுளைத் திருவிழா நடைபெறுகிறது. அந்தலுஸின் புகழ்பெற்ற 'சஃபரீ' மாதுளையும் நாடிழந்த ஒருவரின் தோட்டத்தோடு தொடர்புடையதுதான். ஷாமிலிருந்து உயிர் தப்பி வந்து குர்துபாவில் ஆட்சி அமைத்த முதலாம் அப்துர் ரஹ்மானுக்கு ஷாமிலிருந்து அப்பழம் வந்தது என்றும், அதன் விதையை ஸஃப்ர் என்பவர் ஊன்றி வளர்த்தார் என்றும் அந்தலுஸ் வரலாற்றாசிரியர்கள் கூறுவர். ஷாமிலிருந்து அந்தலுஸுக்கும், அந்தலுஸிலிருந்து துனீசியாவுக்கும் போனவர்கள் நிலத்தைச் சுமந்து போகவில்லை. எப்போது நடுவது, எப்படி நீர் பாய்ச்சுவது, எவ்வாறு சேமிப்பது என்னும் கல்வியைச் சுமந்து போயினர். அதை எந்தச் சுங்கச்சாவடியும் பறிக்க இயலவில்லை.

அவர்கள் விட்டுச்சென்ற மண்ணிலும் அவர்களுடைய சொற்கள் தங்கின. ஸ்பானிய மொழியில் எண்ணெய்க்கு 'அஸெய்தே'. அது அரபியின் 'அஸ்ஸைத்'. எண்ணெய் ஆலைக்கு 'அல்மஸாரா', வாய்க்காலுக்கு 'அஸெகியா', திராட்சைப் பாகுக்கு 'அர்ரோபே', உணவு வைக்கும் சுவரலமாரிக்கு 'அலஸேனா'. யாவும் அரபியின் வழி வந்தவை. ஆனால் தானியக் குழியைக் குறித்த 'மத்மூரா' என்னும் சொல் அம்மொழியில் 'மஸ்மோர்ரா' என்றாகி, இன்று நிலவறைச் சிறையைக் குறிக்கிறது. உணவு காத்த குழி மனிதரை அடைக்கும் குழியாக மாறிய வரலாறு அந்த ஒரு சொல்லுக்குள் அடங்கியிருக்கிறது.

நமக்கான படிப்பினை

நம் வீடுகளிலும் உம்மாவும் மூத்தம்மாவும் செய்துவந்த வேலைகள் உண்டு. புளி கொட்டை நீக்கி உப்பிட்டு வைத்தல், எலுமிச்சையும் நார்த்தையும் ஊறுகாய் போடுதல், மீனைக் கருவாடாக்குதல், கொல்லையில் முருங்கையும் வாழையும் வளர்த்தல். கடையில் எல்லாம் கிடைக்கும் காலத்தில் இவை வீண் சிரமம் என்று தோன்றலாம். அந்தலுஸ் முஸ்லிம்களின் வரலாறு வேறொன்றைச் சொல்கிறது. நூல்கள் எரிக்கப்பட்ட பின்னும், பள்ளிவாசல்கள் பறிக்கப்பட்ட பின்னும், ஹலாலையும் ஹராமையும் பிள்ளைகளுக்குக் கற்பித்த கடைசி மதரஸா அடுக்களையாகவே இருந்தது. அங்கே ஆசிரியை ஒரு தாய். பாடநூல் ஒரு சாடி எண்ணெய்.

எனவே இவ்வாண்டு மழைக்காலத்தில் நம் பிள்ளைகளை அருகில் அமர்த்தி ஒரு விதையை ஊன்றக் கற்றுக்கொடுப்போம். ஒரு பொருளைக் கெடாமல் சேமிக்கக் கற்றுக்கொடுப்போம். சேர்த்ததில் முதல் பங்கை அண்டைவீட்டாருக்கும் ஏழைக்கும் அவர்கள் கையாலேயே கொடுக்கச் செய்வோம். பிஸ்மில்லாஹ் சொல்லித் தொடங்கி அல்ஹம்துலில்லாஹ் என்று முடிக்கும் பழக்கம் அந்த வேலையோடு சேர்ந்தே அவர்களுக்குள் இறங்கட்டும்.

வீட்டையும் தோட்டத்தையும் ஈமானுக்காக இழந்து சென்ற அம்மக்களுக்கு வல்ல அல்லாஹ் மறுமையில் வற்றாத தோட்டங்களை வழங்குவானாக! நம் இல்லங்களில் ஹலாலான உணவையும் பரக்கத்தையும், அவற்றைப் பிறரோடு பகிரும் மனத்தையும் நிலைக்கச் செய்வானாக! ஆமீன்.